குத்தலும் கவ்வலும் கோத்தலும்: மேற்குச் சென்னைப் புறநகரில் உதிரித்தாள் பிணிப்பு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

பூவுக்கு இரண்டு நிலை உண்டு: உதிரிப்பூ, தொடுத்த பூ. உதிரி என்றால் கிலோ, தொடுத்தது என்றால் முழம். பூந்தமல்லியில் எந்தப் பூக்காரம்மாவும் இந்த வேறுபாட்டைப் பேரத்துக்கு நடுவிலேயே விளக்கிவிடுவார். தாளுக்கும் இதே இரண்டு நிலைகள்தாம். ஆனால் உதிரியைத் தொடுத்ததாக ஆக்கும் அந்தச் சிறு இரும்புத் துண்டைப் புலவர்கள் பொருட்படுத்தியதில்லை. பூ உதிர்ந்தால் பொறுக்கிச் சாமி படத்துக்குப் போடலாம். வாரிசுச் சான்றின் இரண்டாம் பக்கம் உதிர்ந்தால் அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டும். புலவர்கள் விட்டுவைத்த இக்குறையைப் போக்கும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

இதன் கருதுகோள் எளியது. தாளை எதால் கட்டலாம் என்று யோசிக்கிறவர்கள் எல்லாரும் தாளின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், கனத்தைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். அவிழ்க்கப் போகிறவரைப் பார்ப்பதில்லை. கட்டுவது நம் கை. அவிழ்ப்பது யாரோ ஒருவருடைய கை. அந்தக் கைக்கு நகம் வெட்டியிருக்கிறதா, பொறுமை இருக்கிறதா, மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதா என்பதை வைத்தே பிணிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இங்கே நிறுவப்படும்.

ஆய்வுப் பரப்பு

கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி. வடக்கே எங்கள் திருமுல்லைவாயில் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற வரை. இப்பரப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் இங்கே குடியிருப்பது மட்டும் காரணமன்று. தாள் இங்கே விளைகிற அளவுக்கு வேறெங்கும் விளையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையிலிருந்து பத்து போல்ட் வெளியே போனாலும் டெலிவரி சலான் மூன்று படி. பூந்தமல்லியில் நீதிமன்றங்கள், அங்கே தாளுக்குப் பெயரே ‘கட்டு’. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965 இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்த இடம். ஒரு டாங்கிக்கு எத்தனை ஃபைல் என்பது ராணுவ ரகசியமாக இருக்கக்கூடும் என்பதால் நான் விசாரிக்கவில்லை.

ஆவடிக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாநாடு இங்கே கூடி, சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அத்தீர்மானத்தைப் பற்றி நூலகம் கொள்ளாத அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். தீர்மானத் தாளை எதில் குத்தி மேடைக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. குண்டூசி இல்லாமல் ஒரு தேசத்தின் பொருளாதாரக் கொள்கை மைதானத்துக் காற்றில் பறந்திருக்கும் என்பது வரலாற்றாசிரியர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

ஊர்ப்பெயர்ச் சான்றுகளும் உள. அம்பத்தூர் என்பது ‘ஐம்பத்தொன்றாம் ஊர்’ என்பதன் மரூஉ என்பது ஊர்க்கதை. சக்தித் தலங்களின் வரிசையில் ஐம்பத்தொன்றாவதாம். இனி பைண்டர் கிளிப்புகளின் அளவைப் பார்க்க: 15, 19, 25, 32, 41, 51 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் ஆகப் பெரியது 51. இதைத் தற்செயல் என்பாரோடு எனக்கு வாதம் இல்லை. அவர்கள் அம்பத்தூர்க்காரர்களாக இருக்க முடியாது.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் தலபுராணமும் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. தொண்டைமான் ஏறிவந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிப் பிணித்தது. அரசன் வாளை உருவிக் கொடியை வெட்ட, வெட்டு உள்ளிருந்த லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் வந்தது என்பது கதை. பக்தர்கள் இதில் இறைவனைக் காண்கிறார்கள். நான் ஒரு பிணிப்பையும், அதை அவிழ்க்கத் தவறான கருவி எடுத்ததால் வந்த சேதத்தையும் காண்கிறேன். ஸ்டேப்ளர் பின்னைப் பல்லால் கடித்து எடுக்கிறவர்கள் அத்தனை பேரும் தொண்டைமான் வழிவந்தவர்களே.

முன்னோர் முறை

ஏடு வேறு, சுவடி வேறு. தனித்தனியாகக் கிடந்தால் ஏடு. துளையிட்டுக் கயிறு கோத்துவிட்டால் சுவடி. ஓலையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண் போடுவார்கள். ஒரு கண்ணில் கயிறு ஓடும். மற்றதில் ஏடுகள் அசையாதிருக்க ஒரு கம்பியோ குச்சியோ செருகுவார்கள். அதற்கு நாராசம் என்று பெயர். (இன்று காதில் நாராசம் பாய்ந்தது என்கிறோம். கவுண்டரில் “நெக்ஸ்ட்” என்ற குரல் கேட்டவர்களுக்கு இந்தப் பொருள் மாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.) கயிற்றின் நுனி துளை வழியே உருவிக்கொண்டு போய்விடாதபடி பனையோலையைக் கிளியின் அலகு போல நறுக்கி முனையில் கட்டுவார்கள். அது கிளிமூக்கு. தாலுகா ஆபீஸ் ஃபைலில் தொங்குகிற பச்சை டேக்கின் முனையைப் பாருங்கள். துளையில் நேராக நுழைந்து, அப்பால் போனதும் குறுக்கே திரும்பிப் படுத்துக்கொள்ளும் அந்தத் தகரத் துண்டு கிளிமூக்கேதான். கிளி போய்த் தகரம் வந்திருக்கிறது, மூக்கு மாறவில்லை.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. தேர்தலைப் பற்றிப் பேச எல்லாரும் அதை எடுப்பார்கள். நான் எடுப்பது வேறு விஷயத்துக்காக. முப்பது குடும்புகளின் பெயர் ஓலைகளையும் குடும்பு வாரியாகத் தனித்தனிக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் மேலே அடையாளமாக ஒரு வாயோலை வைத்த பிறகே குடத்தில் இட்டார்கள். நம் ஆடிட்டர்கள் பாக்ஸ் ஃபைலுக்குள் பிங்க் அட்டை வைத்துப் பிரிப்பதற்குப் பெரிய படிப்பு படித்திருக்கிறார்கள். கிராம சபை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அதைச் செய்துவிட்டுக் கலைந்து போயிற்று.

வளைய ஃபைல் ஜெர்மானியர்களின் கண்டுபிடிப்பு என்பார்கள். எங்கள் ரயில் பாதையிலேயே அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் தாண்டி அரக்கோணத்துக்கு முன்னால் திருவாலங்காடு என்று ஒரு ஸ்டேஷன் வரும். 1905-இல் அவ்வூரில் கிடைத்த முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேட்டில் 31 ஏடுகள். எல்லாம் ஒரே செப்பு வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் பொருத்தில் சோழ முத்திரை அடிக்கப்பட்டிருக்கும். இடையில் ஒரு ஏட்டை உருவவோ செருகவோ வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டும். முத்திரையை உடைத்தால் பிறகு சோழனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவிழ்க்கிறவரை நினைத்துச் செய்த பிணிப்பு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது: அவிழ்க்கவே கூடாது என்பது அங்கே நோக்கம்.

சொல்லாராய்ச்சியும் இதையே வலியுறுத்தும். கோப்பு என்பது கோத்தல் என்ற வினையடியாகப் பிறந்தது. ஃபைல் என்ற ஆங்கிலச் சொல்லைத் தோண்டினால் லத்தீனில் ‘நூல்’ என்று பொருள்படும் ‘ஃபீலும்’ என்ற சொல்லில் போய் நிற்கிறது. ஆக, நூலில் கோக்காத தாளை ஃபைல் என்றோ கோப்பு என்றோ அழைப்பது இரண்டு மொழிக்கும் இழைக்கும் துரோகம். கிளிப் போட்டால் அது ஃபைல் அன்று. ஒரு தற்காலிக ஏற்பாடு.

இத்தனையையும் தொகுத்து அடியேன் யாத்த நூற்பா:

குத்தலும் கவ்வலும் கோத்தலும் என்றாங்கு
அத்திறம் மூன்றே உதிரித்தாட் பிணிப்பே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், தாளைப் பிணிக்கும் வகை இத்துணைய என்பது உணர்த்துதல் நுதலிற்று. குத்துவன குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும். கவ்வுவன ஜெம் கிளிப்பும் பைண்டர் கிளிப்பும் பரீட்சை அட்டையின் வாயும். கோப்பன டேக்கும் லிவர் ஆர்ச்சும் ஸ்பைரல் பைண்டிங்கும். எச்சத்தைப் புறனடையில் காண்க.

குத்துவன

குண்டூசியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தாளைக் குத்தும், எடுக்கிறவர் விரலையும் குத்தும், ஓய்ந்த நேரத்தில் காது குடையும். ஈரம் பட்டால் துருப்பிடித்துத் தாளில் காவி நிறத்தில் ஒரு நாமம் போட்டுவிடும். வடகிழக்குப் பருவமழை உள்ள ஊரில் குண்டூசியால் ஆவணம் பிணிப்பது உப்பு மூட்டையை மழையில் சுமப்பதற்குச் சமம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் தொழிற்பேட்டைக்குள் புகுந்தபோது, நான் கணக்கு எழுதும் பட்டறையில் தண்ணீர் மேஜையின் இரண்டாவது டிராயர் வரைக்கும் வந்தது. வடிந்த பிறகு வவுச்சர்களை மொட்டை மாடியில் வடகம் போலப் பரப்பிக் காயவைத்தோம். டேக்கில் கோத்தவை உப்பிப்போய், ஆனால் வரிசை மாறாமல் கிடந்தன. பின் அடித்தவற்றில் பின் மட்டும் கரைந்து, மூலையில் இரண்டு பழுப்புப் புள்ளிகள் மிஞ்சியிருந்தன, பாம்பு கடித்த தடம் போல.

ஸ்டேப்ளர் பின்னை நம் ஊரில் ‘பின்’ என்றே சொல்கிறோம். அதைப் போடுவதில்லை, அடிக்கிறோம். வினைச்சொல்லிலேயே அதன் குணம் இருக்கிறது. உறையில் 24/6 என்று எழுதியிருந்தால் 24 கம்பியின் கேஜ், 6 காலின் நீளம் மில்லிமீட்டரில். நம் வீட்டு மேஜைகளில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஸ்டேப்ளருக்கு நம்பர் 10. பெட்டிக்கு 1000 பின். அந்தச் சிறு கால்களை நம்பி இருபது தாளுக்கு மேல் அடிக்கிறவர்கள், கடைசித் தாளில் பின் எட்டிக்கூடப் பார்க்காமல் நடுவிலேயே மடங்கிக்கொண்டதைக் கவுண்டரில்தான் அறிவார்கள்.

பின் அடிக்கிற பழக்கத்தின் உச்சம் ஒருகாலத்தில் வங்கிகளில் இருந்தது. நூறு நோட்டுக் கட்டை நடுவில் கனத்த பின்னால் அடித்துத் தருவார்கள். அதைப் பிரிக்க ஸ்குரூ டிரைவர் தேடுவதும், பிரித்த பிறகு காந்தியின் பக்கத்தில் ஓட்டை விழுந்திருப்பதும் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 2001-இல் ரிசர்வ் வங்கி, நோட்டுக் கட்டில் பின் அடிப்பதை நிறுத்துங்கள், காகிதப் பட்டை சுற்றுங்கள் என்று உத்தரவிட்டது. ஒரு தேசத்தின் மத்திய வங்கியே தலையிட்டுத்தான் ஒரு பின்னை நிறுத்த வேண்டியிருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கவ்வுவன

ஜெம் கிளிப் என்பது அகிம்சை. துளைக்காது, கிழிக்காது. ஒரே கம்பியை மூன்று முறை வளைத்தால் முடிந்தது. வளைத்த எஃகு பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கிற துடிப்பே அதன் பிடி; 1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதியைத் தினமும் நம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் நிரூபித்துக்கொண்டிருக்கிறது. நார்வேக்காரர்கள் இதைத் தங்கள் ஜோஹன் வாலெர் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படுவார்கள். அவர் 1899-இல் ஜெர்மனியில் காப்புரிமை கேட்ட கிளிப்பில் உள்வளைவே இல்லை. தாளைச் செருகவும் கஷ்டம், எடுக்கவும் கஷ்டம். இருந்தும் நாஜிகள் நாட்டைப் பிடித்த 1940-இல் நார்வே மக்கள் கோட்டுக் காலரில் கிளிப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள், நாங்கள் ஒன்றாகப் பிணைந்திருக்கிறோம் என்று காட்ட. பின்னர் 1989-இல் ஓஸ்லோ பக்கத்தில் கிளிப்புக்கு ராட்சதச் சிலையும் வைத்தார்கள். சிலையில் இருப்பது வாலெரின் கிளிப் அன்று, ஜெம். சிலை வைப்பதில் இப்படி ஆள் மாறாட்டம் நடப்பது நமக்குப் புதிதல்ல என்பதால் மேலே செல்கிறேன்.

பைண்டர் கிளிப்பின் கதைதான் என் கருதுகோளுக்கு நேர்ச் சாட்சி. வாஷிங்டனில் லூயி பால்ட்ஸ்லி என்ற இளைஞர். அப்பா எழுத்தாளர். அந்தக் காலத்தில் கையெழுத்துப் பிரதியைத் துளை போட்டு ஊசி நூலால் தைத்து வைப்பார்கள். நடுவில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டுமென்றால் முழுத் தையலையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அப்பா படும் அவஸ்தையைப் பார்த்த மகன் செய்து கொடுத்ததுதான் இந்தக் கறுப்பு முக்கோணம், 1915-இல் காப்புரிமை. கட்டுவதற்காகப் பிறந்த பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் அவிழ்ப்பதற்காகப் பிறந்தது. காதை மடக்கிவிட்டால் உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நிமிர்த்தி அழுத்தினால் வாயைத் திறக்கும். நிறைய அதிகாரிகளைவிட அதன் சுபாவம் நேரானது.

எந்த அளவு வாங்குவது? 75 ஜிஎஸ்எம் தாள் நூறு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனம். கிளிப்பின் அகலத்தில் பாதி அளவுக்கு வாய் திறக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. பாதிக்கு நம்பினால் கிளிப் வாயைப் பிளந்தபடியே நிற்கும். ஒரு நாள் பையிலிருந்து எடுக்கும்போது தெறித்து எதிர் சீட்டுக்காரர் மடியில் விழும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். ஐம்பது தாளுக்கு 19, நூறுக்கு 32.

களத்தரவுக்காக அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, பைண்டர் கிளிப் இருக்கா?”

“கருப்பா, கலரா?”

“சைஸ் கேக்க மாட்டீங்களா?”

“மொதல்ல எதுக்குன்னு சொல்லுங்க சார். பேப்பருக்கா, வீட்டுக்கா?”

வீட்டுக்கு என்றால் என்ன என்று கேட்டேன். அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார். மிக்சர் பாக்கெட், ரவை பாக்கெட், பாதி மீந்த இட்லி மாவு கவர், பால்கனிக் கொடியில் சேலை, ஃபிரிட்ஜில் கொத்தமல்லி. “பேப்பருக்கு வாங்குறவங்க எல்லாம் இப்ப கம்மி சார். செல்லுலயே வச்சிக்கிறாங்க. பொம்பளைங்கதான் ரெண்டு ரெண்டு டப்பாவா வாங்குறாங்க.” டப்பாவுக்குப் பன்னிரண்டு. 32 மில்லிமீட்டரில் ஒரு டப்பா வாங்கினேன். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பில்லை மேலே வைத்து, டக் டக்கென்று மூன்று பின் அடித்துக் கொடுத்தார். பிரிக்கும்போது கட்டை விரலில் ரத்தம் வந்தது. தொண்டைமானை நினைத்துக்கொண்டேன்.

கோப்பன

அரசு அலுவலகத்தில் கிளிப்புக்கு மரியாதை கிடையாது. அங்கே டேக்தான். காரணம் வரலாற்றில் உள்ளது. நம் மாவட்ட அலுவலகங்களில் கோப்பு நடத்துகிற முறைக்கே டாட்டன்ஹாம் முறை என்று பெயர். மதராஸ் மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி, பின்னாளில் புதுக்கோட்டை சமஸ்தானத்து நிர்வாகி அலெக்ஸாண்டர் டாட்டன்ஹாம் வகுத்தது. வந்த கடிதங்கள் நடப்புக் கோப்பில், அவற்றின் மேல் எழுத்தரும் அதிகாரியும் எழுதுகிற கருத்துகள் குறிப்புக் கோப்பில். இரண்டும் தனித்தனியாகக் கோக்கப்பட்டு ஒரே அட்டைக்குள் மாமியார் மருமகள் போலக் குடித்தனம் நடத்தும். பக்க எண் போட்டாயிற்று, டேக் இறங்கிவிட்டது என்றால் நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவது சுலபமில்லை. அதுதான் அதன் பாதுகாப்பு. ந.க.எண் போட்ட கடிதம் கைக்கு வருகிறபோதெல்லாம், இதன் உடன்பிறப்பு எங்கோ ஒரு பச்சைக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு.

டேக்குக்குத் துளை வேண்டும். பஞ்சிங் மெஷின் இரண்டு துளைக்கு நடுவே 80 மில்லிமீட்டர் இடைவெளி விடும். அது உலகத் தரம், அம்பத்தூர் கம்பெனிகளில் பாக்ஸ் ஃபைலுக்கு அதுவே வேதம். அலுவலக உதவியாளர் கையில் இருக்கும் கோணி ஊசிக்கு உலகத் தரம் தெரியாது. இடது மூலையில் ஒரே குத்து. கையெழுத்து, தேதி, சில சமயம் பாஸ்போர்ட் போட்டோவின் நெற்றி எதுவாயினும் ஊடுருவிச் செல்லும்.

பூந்தமல்லி கோர்ட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா கட்டை அவிழ்ப்பதைப் பார்ப்பது ஒரு அனுபவம். அவர் நாடாவின் முடிச்சை விரலால் தேடுவதில்லை. கட்டைத் திருப்பி ஒரு உதறு. முடிச்சு தானாக முன்னால் வருகிறது. நுனியைப் பிடித்து இழுத்தால் முப்பது வருஷத்து வாய்தாக்கள் மேஜையில் விரிகின்றன. ஆடு புழுக்கை போட்ட மாதிரி பிரிந்து கிடக்கும் தாள்களில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மறுபடி சுற்றி, அதே முடிச்சு. எத்தனை வருஷம் ஆனது இது கைவர என்று கேட்டேன். “கேஸ் முடியறதுக்குள்ள வந்துடும் சார்” என்றார்.

ஸ்பைரல் பைண்டிங் இன்ஜினியரிங் மாணவர்களின் துறை. ஆவடி, பூந்தமல்லி சாலை நெடுகிலும் கல்லூரிகள். மார்ச், ஏப்ரலில் ஜெராக்ஸ் கடைகள் இரவு பதினொன்றுக்கும் சாத்தாது. அதை அவிழ்க்க யாரும் முயன்றதில்லை, திறந்தும் பார்த்ததில்லை என்பதால் இவ்வாய்வில் சேர்க்கவில்லை.

புறனடை

கையில் ஒன்றுமே இல்லாதவன் என்ன செய்வான்? இரண்டு மூலைகளையும் சேர்த்து மடிப்பான், மடிப்பில் சின்னதாக ஒரு கிழிசல் கிழித்து அந்தக் காதைப் பின்னால் திருப்புவான். பிடிக்கும். மூன்று தாள் வரை பிடிக்கும். ரயில்வே பிளாட்பாரத்தில் படிவம் நிரப்புகிறவர்கள் கண்டுபிடித்த முறை. இதற்குக் காப்புரிமை கேட்க நார்வேயிலிருந்து ஒருவரும் வரவில்லை. பரீட்சை ஹாலில் அடிஷனல் ஷீட்டோடு மேற்பார்வையாளர் தந்த வெள்ளை நூல் துண்டும் இந்த வகையே. நேரம் முடிந்து மணி அடித்த பிறகு வியர்த்த விரலால் அந்த முடிச்சைப் போட்டவர்களுக்கு, பிணிப்பு என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கள ஆய்வு

அப்பா காலமான பிறகு வீட்டு மனைப் பட்டாவில் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. பத்திர நகல், தாய்ப்பத்திர நகல், வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வரி ரசீது, எல்லாருடைய ஆதார். ஜெராக்ஸ் கடைப் பெண் கேட்டாள்: “அங்கிள், பின் அடிக்கவா, அப்படியே தரவா?” அண்ணா என்று கூப்பிட்டிருந்தால் யோசித்துப் பதில் சொல்லியிருப்பேன். அப்படியே கொடு என்று வாங்கி, என் ஆராய்ச்சிக் கிளிப் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். முதல் ஜன்னலில் ஒரு சார்.

“என்ன சார் இது, கிளிப்பு போட்டுக் குடுக்குறீங்க? காத்துல பறந்துச்சுன்னா எங்களத்தான் கேப்பீங்க. பின் அடிச்சிட்டு வாங்க.”

வெளியே போய், இரண்டு ரூபாய்க்கு நாலு மூலையிலும் பின் அடித்துக்கொண்டு வந்தேன். அவர் பார்த்துவிட்டு இரண்டாம் ஜன்னலுக்கு அனுப்பினார். அங்கே ஒரு மேடம்.

“யாரு சார் இத்தன பின்னு அடிச்சது? ஸ்கேன் பண்ணணும்ல? எல்லாத்தையும் எடுத்துட்டுக் குடுங்க. கிளிப்பு இருந்தா போட்டுக் குடுங்க.”

நின்றபடியே நகத்தால் பின் எடுத்தேன். அப்பாவின் இறப்புச் சான்று மூலையில் கொஞ்சம் கிழிந்தது. சட்டைப் பையிலிருந்து கிளிப்பை எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேடம் தாள்களை வாங்கிக் கிளிப்பைக் கழற்றி, டிராயரைத் திறந்து உள்ளே போட்டார். அந்த அரை நொடியில் நான் கண்டது இந்த ஆய்வையே திசை திருப்பியது: டிராயர் நிறையக் கிளிப்புகள். கறுப்பு, ரோஸ், மஞ்சள், துருப்பிடித்த ஜெம்கள், ஒரு துணி கிளிப், தலைக்குப் போடுகிற கிளிப்பும் ஒன்று. குடிமக்களிடமிருந்து அரசை நோக்கி மட்டுமே ஓடுகிற ஒரு நதி.

அவை பிறகு எங்கே போகின்றன? நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எதற்காகவோ அதே காரணத்துக்காக, மிச்சமிருந்த பதினொரு கிளிப்பின் காதிலும் என் மகளின் ரோஸ் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். அதன் பிறகு மின்வாரியம், வங்கி, பள்ளிக்கூடம், சொத்து வரி என்று போகிற இடமெல்லாம் பொட்டு வைத்த கிளிப் போட்டே விண்ணப்பம் கொடுத்தேன். தேவையில்லாத விண்ணப்பங்களும் ஒன்றிரண்டு கொடுத்தேன் என்பதை ஆய்வு நேர்மைக்காக ஒப்புக்கொள்கிறேன். எட்டு திரும்பவில்லை. ஒன்று ஒரு வங்கிக் காசாளரின் சாப்பாட்டுப் பையை மூடிக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். இரண்டு எங்கள் வீட்டிலேயே, ஒன்று ரவையிலும் ஒன்று பொட்டுக்கடலையிலும் அகப்பட்டன. என் மனைவி எனக்கு முன்பே ஆய்வை முடித்திருந்தாள்.

போன வாரம் பட்டா விஷயமாக அதே அலுவலகத்துக்குப் போனேன். இன்னொரு நகல் வேண்டுமென்று மேடம் என் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது டிராயரைத் திறந்து, பார்க்காமலே கையை விட்டு, ஒரு கிளிப்பை எடுத்து மூலையில் மாட்டினார். 32 மில்லிமீட்டர், கறுப்பு. வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று திருப்பிப் பார்த்தேன். காதில் ஒரு பொட்டு இருந்தது. மெரூன். எங்கள் வீட்டில் மெரூன் நெயில் பாலிஷ் கிடையாது.